மண்சுவரிலிருந்து வந்த நோய்

ஹூஸ்டனில் என்னோடு பல ஆண்டுகள் வேலை பார்த்த நண்பர் எல் சால்வடோர்க்காரர். 2012-ல் அலுவலக ரத்ததான முகாமில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் கை நீட்டினோம். அவருக்கு அதுதான் முதல் தடவை. சில வாரங்களில் அவருக்கு மட்டும் கடிதம் வந்தது: இனி ரத்தம் கொடுக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நோயின் பெயர் சாகஸ். அதற்கு முன் இரண்டு முறை மயங்கி விழுந்தபோது, வேலைப்பளு என்று சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

இந்த நோயின் வரலாறு தலைகீழாகத் தொடங்கியது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் ரயில் பாதை போட்ட தொழிலாளர்களை மலேரியா வாட்டியது. அதைக் கட்டுப்படுத்த லாசான்ஸ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டவர் கார்லோஸ் சாகஸ் என்ற இளம் மருத்துவர். மண்சுவர் வெடிப்புகளில் பகலில் ஒளிந்து, இரவில் தூங்குபவர்களின் முகத்தில் கடிக்கும் ஒரு பூச்சியை அங்கே பார்த்தார். முகத்தைத் தேடி வருவதால் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பார்பெய்ரோ', அதாவது நாவிதர். சாகஸ் முதலில் பூச்சியின் குடலில் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பிறகே அது யாரைத் தாக்குகிறது என்று தேடினார். 1909 ஏப்ரலில் பெரனீஸ் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் அது கிடைத்தது. தன் ஆசான் ஆஸ்வால்டோ குரூஸைக் கௌரவிக்கும் விதமாக அதற்கு 'டிரிப்பனோசோமா குரூஸி' என்று பெயரிட்டார்.

பூச்சி கடித்தபின் அங்கேயே எச்சமிடும். தூக்கத்தில் சொறியும்போது எச்சத்திலிருக்கும் ஒட்டுண்ணி உடலுக்குள் போகிறது. சில வாரக் காய்ச்சலுக்குப் பின் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு பேரில் ஒருவருக்கு, பத்து முப்பது ஆண்டுகள் கழித்து இதயம் கெடுகிறது. ஒட்டுண்ணி தங்கிய தசைச் செல்கள் சாகின்றன. அதை எதிர்க்கும் உடலின் வீக்கமும் சேர்ந்து தசையை அரிக்கிறது. அந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. தழும்பு சுருங்கி விரியாது, மின்துடிப்பையும் கடத்தாது. துடிப்பு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. சில சமயம் சுற்று முடியாமல் அதே வளையத்தில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. எங்கள் தொழிலில் நெட்வொர்க்கில் தகவல் வளையமாகச் சுற்றினால் சர்வர் திணறும். இங்கே திணறுவது மனிதர். மயக்கம், சில வேளை திடீர் மரணம்.

இது தென்னமெரிக்கர்களின் நோய் என்று டெக்சாஸ் நெடுங்காலம் நினைத்துக்கொண்டது. ஆனால் 1955-லேயே கார்பஸ் கிறிஸ்டியில் ஒரு கைக்குழந்தைக்கு உள்ளூரிலேயே இது தொற்றியதாக மருத்துவ இதழில் பதிவானது. பூச்சியும் இங்கே உண்டு, அதைச் சுமக்கும் காட்டெலிகளும் உண்டு. இருந்தும் தானமாக வரும் ரத்தத்தை இதற்காகச் சோதிப்பது 2007-ல்தான் தொடங்கியது. நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டெக்சாஸ் விதித்தது 2013-ல்.

நண்பரின் மார்புக்குள் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தினார்கள். ஒட்டுண்ணியைக் கொல்ல பென்ஸ்னிடசோல் என்ற மருந்து உண்டு. ஆனால் இதயம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கு அது ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் குறைத்தாலும் இதயத்தின் சரிவை நிறுத்தவில்லை என்று 2015-ல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. குழந்தைப் பருவத்திலேயே கண்டுபிடித்திருந்தால் கதை வேறு.

எனக்கு என் சித்தி நினைவுக்கு வந்தாள். சிறுவயதில் அடிக்கடி தொண்டைவலி, மூட்டுவலி. ஒரே அறையில் ஏழு பேர் படுத்த வீடு. முப்பது வயதில் மூச்சு வாங்கியபோதுதான், வாதக்காய்ச்சல் அவளுடைய இதய வால்வைத் தழும்பாக்கியிருந்தது தெரிந்தது. அவள் வீட்டில் கிருமி வேறு, வறுமை ஒன்றுதான். நம் ஓலைக்கூரையிலும் மண்சுவரிலும் அந்த ஒட்டுண்ணி இல்லாதது நம் சாமர்த்தியம் அல்ல, பூகோளம்.

இங்கே மருத்துவமனைப் படிவத்தில் காப்பீட்டு எண் கேட்கிறார்கள், மது அருந்துவீர்களா என்று கேட்கிறார்கள். எந்த மாதிரி வீட்டில் வளர்ந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. பிள்ளைகளிடம்கூட ஊர் வீட்டின் திண்ணையைச் சொல்வோம், அதன் நோய்களைச் சொல்ல மாட்டோம்.

நண்பர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம் மூன்று மாநிலங்களில் இருந்த தன் அக்கா தங்கைகளை ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோரும் அதே வீட்டில் தூங்கி வளர்ந்தவர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கும் இது போகும் என்று எடுத்துச் சொன்னார். பரிசோதித்ததில் ஒருத்திக்கு இருந்தது. இதயம் இன்னும் கெடவில்லை. மருந்தை உடனே தொடங்கினாள்.