மரக்கட்டையில் செதுக்கிய பசி

கோமான்களையும் கோபுரங்களையும் தீட்டினால்தான் கலை, வார ஏட்டில் வரும் படம் வெறும் பக்க நிரப்பி என்று முகம் சுளிப்போர் இன்றும் உளர். அவர்கட்கு ஓவியர் வின்சென்ட் வான் கோவின் வரலாற்றை நினைவூட்ட விழைகிறோம்.

இலண்டனில் 1869 டிசம்பரில் 'கிராஃபிக்' எனும் வார ஏடு பிறந்தது. முதல் இதழிலேயே லூக் ஃபில்டஸ் என்ற இளைஞர் வரைந்த படம்: காவல் நிலையத்தின் வெளியே, கடுங்குளிரில், ஓரிரவு ஒதுங்க அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நிற்கும் வீடற்றோர் வரிசை! மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அந்தப் பசி, வசதியுள்ளோரின் மேசைக்கும் சென்றது. (ஃபில்டஸ் பின்னாளில் மன்னர் ஏழாம் எட்வர்டைத் தீட்டினார், அது வேறு கதை.)

ஹேக் நகரில் தம்பி தியோ அனுப்பிய பணத்தில் வாழ்ந்த வான் கோ, 1883 தொடக்கத்தில் அவ்வேட்டின் தொகுதிகள் 21-ஐ வாங்கினார். கையிருப்போ சொற்பம், வாங்கியதோ பழைய ஏடுகள்! தம் காலத்துப் பத்திரிகை ஓவியர்களின் படங்களை வெட்டி, தாளில் ஒட்டி, ஓயாது பயின்றார். அவ்வாண்டு மார்ச்சில், தம் அறையையே கஞ்சித்தொட்டியாக அமைத்து, ஏழை மாந்தரை நிறுத்தி வரைந்தார். நகலெடுத்தாரா? இல்லை. பார்க்கும் கண்ணை அவர்களிடம் பெற்றார். பார்க்க வேண்டிய மக்களைத் தம் தெருவிலேயே கண்டார். 1885-இல் விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தைத் தீட்டியதும் அந்தக் கண்தான்.

1890-இல் மனநல விடுதியில் அடைபட்டிருந்தபோதும் அச்சுப்படமே துணை. இலண்டனைப் பற்றிய 1872-ஆம் ஆண்டு நூலுக்கு குஸ்தாவ் டோரே வரைந்த நியூகேட் சிறை முற்றத்தை வண்ணத்தில் தீட்டினார். உயர்ந்த சுவர்களுக்கிடையே கைதிகள் வட்டமிட்டு நடக்கின்றனர்.