இரட்டைச் சிறுமிகளின் தகப்பனார்

1965-ஆம் ஆண்டு ஏவி.எம். ஸ்தாபனத்தார் 'குழந்தையும் தெய்வமும்' என்ற படத்தை வெளியிட்டார்கள். டைரக்ஷன் கிருஷ்ணன்-பஞ்சு. ஜெய்சங்கரும் ஜமுனாவும் தாய் தகப்பன். குட்டி பத்மினிக்கு இரட்டை வேஷம். மாமியாரின் பணச் செருக்கால் பிரிந்த குடும்பம். ஆளுக்கொரு பெண்ணாகப் பங்கு போட்டுக்கொண்ட பெற்றோர். தற்செயலாகச் சந்தித்து, ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போய், கடைசியில் பெற்றோரைச் சேர்த்து வைக்கும் குழந்தைகள். இந்தக் கதையைப் பார்த்துக் கண் துடைத்துக்கொள்ளாத தாய்மார்கள் அன்று குறைவு. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

சினிமா விஷயம் தெரிந்தவர்கள், 'இது வால்ட் டிஸ்னி கம்பெனியின் தி பேரண்ட் ட்ராப் படத்தின் தழுவல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அது 1961-ல் வந்த படம். உண்மைதான். ஆனால் ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்று பார்த்தவன், அது எங்கே பிறந்தது என்றும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டாமா? இந்தக் கதை பிறந்தது ஹாலிவுட்டில் அல்ல. ஹிட்லர் ஆண்டுகொண்டிருந்த பெர்லின் நகரத்தில், சொந்தப் பெயரில் ஒரு வரி கூட அச்சிட முடியாமல் இருந்த ஒரு மனிதரிடத்தில் அது பிறந்தது. அவர் பெயர் எரிக் கெஸ்ட்னர்.

கெஸ்ட்னர் 1899-ல் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. அந்த வருமானம் போதாமல் தாயார் தலைவாரி அலங்கரிக்கும் தொழில் கற்றுக்கொண்டு ஒற்றைப் பிள்ளையைப் படிக்க வைத்தார். பிள்ளையும் படித்து டாக்டர் பட்டம் வாங்கிப் பத்திரிகையில் சேர்ந்தார். லைப்சிக் நகரத்துப் பத்திரிகை வேலை 1927-ல் போனதும் பெர்லினுக்கு வந்து கவிதையும் விமரிசனமும் எழுதினார். குழந்தைகளுக்கு எழுதுவது அவருடைய எண்ணத்திலேயே இல்லை. ஈடித் யாகப்சோன் என்ற அம்மையார் ஒரு பிரசுராலயம் நடத்தி வந்தார். அவர்தான், 'சிறுவர்களுக்கு ஒரு நாவல் எழுதுங்களேன்' என்று தூண்டினார். அப்படி வந்ததுதான் 1929-ல் வெளியான 'எமிலும் துப்பறிவாளர்களும்'.

கதை மிகச் சின்னது. எமில் என்ற பையன் ரயிலில் பெர்லினுக்குப் போகிறான். பாட்டிக்குக் கொடுக்கச் சொல்லித் தாயார் பணம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவளும் தலைவாரி விட்டுச் சம்பாதிக்கிறவள்தான். ரயிலில் ஒருவன் அந்தப் பணத்தைத் திருடிவிடுகிறான். பெர்லின் தெருப் பையன்கள் படை திரட்டித் திருடனை வளைத்துப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு பொடியன் உண்டு. 'சின்னச் செவ்வாய்' என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் தெருவில் துரத்திக்கொண்டு ஓடும்போது, அவன் மட்டும் வீட்டில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது செய்தி கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே! வேடிக்கை எதையும் பார்க்காமல் அவன் தன் இடத்தை விட்டு நகராமல் இருக்கிறான். அந்தப் பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931-ல் இந்தக் கதை சினிமாவாயிற்று. திரைக்கதையின் முதல் வடிவத்தில் கெஸ்ட்னருடன் வேலை செய்தவர் எமெரிக் பிரஸ்பர்கர். முடிவான வடிவத்தை எழுதியவர் பில்லி வைல்டர். ஹாலிவுட்டில் பிறகு பெரும் புகழ் பெற்ற அதே வைல்டர்தான். இரண்டு பேரும் யூதர்கள். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் வைல்டரும் பிரஸ்பர்கரும் நாட்டை விட்டு ஓடினார்கள். புத்தகத்தைக் கேட்டு வாங்கிய யாகப்சோன் அம்மையாரும் வெளியேறி 1935-ல் லண்டனில் காலமானார். படங்கள் வரைந்த வால்ட்டர் டிரியர் 1936-ல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு சிறுவர் கதையைச் சுற்றிக் கூடியிருந்த கூட்டம் இப்படிச் சிதறிப் போயிற்று.

கெஸ்ட்னர் மட்டும் போகவில்லை.

1933 மே 10-ஆம் தேதி இரவு பெர்லின் ஆபரா மைதானத்தில் மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். கெஸ்ட்னரின் புத்தகங்களும் பெயர் சொல்லி நெருப்பில் எறியப்பட்டன. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டு கூச்சலிட்ட பிறகுதான் அங்கிருந்து நழுவினார். ஒரு விசித்திரம்: 'எமில்' மட்டும் அன்றைக்குத் தப்பியது. குழந்தைகளுக்கு அவ்வளவு பிரியமான புத்தகத்தில் கை வைக்க அவர்களுக்கும் தயக்கமாக இருந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று. கெஸ்டபோ போலீஸ் கெஸ்ட்னரை இரண்டு முறை கைது செய்து விசாரித்து விட்டுவிட்டது. ஜெர்மனிக்குள் எழுதத் தடை, ஸ்விட்ஜர்லாந்தில் அச்சிட்டுக்கொள்ளலாம். அப்படி ஒரு பிழைப்பு.

ஏன் போகவில்லை? தாயாரைப் பிரிய முடியவில்லை என்பது ஒரு காரணம். எழுத்தாளன் நடப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும், நாளைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்பது அவரே சொன்ன காரணம். அந்த ஆட்சியைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதுவதென்று தீர்மானித்திருந்தார். நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் சுருக்கெழுத்தில் குறிப்புகள் எழுதி, வீட்டுப் புத்தகங்களுக்கிடையே ஒளித்து வைத்தார். டெலிபோன் பக்கத்திலிருந்து நகராத சின்னச் செவ்வாய் மாதிரிதான்.

ஆனால் சாட்சியாக இருப்பவனுக்கும் வயிறு உண்டு. 1942-ல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஊஃபா என்ற பெரிய சினிமா ஸ்தாபனம் தன் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்காகப் பிரம்மாண்டமான வர்ணப் படம் ஒன்று எடுக்க நினைத்தது. பொய்க் கதைகளுக்குப் பேர்போன மூஞ்ஹவுசன் பிரபுவின் கதை. அதை எழுதத் திறமையான ஆள் வேண்டும். இருந்த ஆட்களைத்தான் விரட்டியாகி விட்டதே! கடைசியில் தடை செய்யப்பட்டவரையே கூப்பிட்டார்கள். நிபந்தனை, சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. பெர்டோல்ட் பூர்கர் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் மூஞ்ஹவுசன் கதைகளை ஜெர்மன் மொழியில் எழுதிய கவிஞரின் பெயரும் பூர்கர்தான்.

கோயபல்ஸின் மேற்பார்வையில் இருந்த ஒரு ஸ்தாபனத்துக்கு, தன் புத்தகம் எரிந்ததை நேரில் பார்த்தவர் கதை வசனம் எழுதிக் கொடுத்தது சரியா? இந்தக் கேள்வியை மூடி மறைப்பதில் பயனில்லை. வெனிஸ் காட்சியில், சுவருக்கும் காதுண்டு என்கிற மாதிரி, அரசாங்கத்தின் ஒற்றர்களைப் பற்றி ஒரு பாத்திரத்தைப் பேச வைத்திருக்கிறார். தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறது என்று புரிந்திருக்கும் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் படம், குண்டு விழுந்துகொண்டிருந்த ஒரு தேசத்தைக் கொஞ்ச நேரம் சிரிக்க வைப்பதற்காக எடுத்த படம். அதைத்தான் கோயபல்ஸ் விரும்பினார். கெஸ்ட்னர் வீரரும் அல்லர், துரோகியும் அல்லர். பேனாவைத் தவிர வேறு தொழில் தெரியாத ஒரு மனிதர். நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதைவிடக் கேவலமாக நடந்துகொண்டிருப்போமோ என்ற பயம் எனக்கு உண்டு.

1943 மார்ச்சில் படம் வெளியாயிற்று. அதற்குள் விஷயம் மேலிடத்துக்கு எட்டி, கெஸ்ட்னர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதுவுமே எழுதக் கூடாது என்று முழுத் தடை வந்துவிட்டது. அந்தத் தடை இன்னொரு கதையின் கழுத்தையும் நெரித்தது. மூஞ்ஹவுசன் படத்தின் டைரக்டர் யோசப் ஃபான் பாக்கியிடம் அவர் 1942-ல் ஒரு திரைக்கதைச் சுருக்கம் சொல்லியிருந்தார். கோடை விடுமுறை விடுதியில் சந்திக்கும் இரண்டு சிறுமிகள், ஒரே முகம், ஒருத்தி தகப்பனிடமும் மற்றவள் தாயிடமும் வளர்கிறவர்கள். அது காகிதத்தோடு நின்றது.

1944 பிப்ரவரியில் குண்டு விழுந்து அவர் வீடும் புத்தகங்களும் சாம்பலாயின. நீல நோட்டு தப்பியது. 1945 மார்ச்சில் ரஷ்யப் படைகள் பெர்லினை நெருங்கியபோது, ஊஃபாக்காரர்கள் சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு என்று சொல்லி ஒரு கோஷ்டியை டைரோல் மலைக் கிராமமான மைர்ஹோஃபனுக்குக் கிளப்பினார்கள். பட்டியலில் திரைக்கதாசிரியர் என்று கெஸ்ட்னரின் பெயரையும் சேர்த்தார்கள். ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க நடிகர்கள் நடித்தார்கள், டைரக்டர் கத்தினார், காமிரா சுழன்றது. காமிராவுக்குள் பிலிம் இல்லை. எந்தச் சினிமாவில் பெயரில்லாமல் எழுதினாரோ, அந்தச் சினிமாவின் பொய் ஒன்றுதான் கடைசியில் அவரைக் காப்பாற்றியது.

யுத்தம் முடிந்து ம்யூனிக்கில் குடியேறினார். பத்திரிகை வேலை பார்த்தார், சிறுவர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். பழைய திரைக்கதைச் சுருக்கத்தை எடுத்து நாவலாக எழுதினார். 1949-ல் 'இரட்டை லோட்டி' வெளிவந்தது. விவாகரத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதலாமா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குக் கதைக்குள்ளேயே பதில் வைத்தார். பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் குழந்தைகள் உலகத்தில் நிறைய இருக்கும்போது, அதைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசக் கூடாது என்பது என்ன நியாயம் என்பதே அவர் கேள்வி. அடுத்த ஆண்டே பாக்கியின் டைரக்ஷனில் படம். திரைக்கதை கெஸ்ட்னர், கதை சொல்லும் குரலும் அவருடையதே. 1951-ல் ஜெர்மன் அரசாங்கம் முதன்முறையாகத் திரைப்படப் பரிசுகள் வழங்கியபோது, சிறந்த படம், சிறந்த டைரக்ஷன், சிறந்த திரைக்கதை மூன்றும் இதற்குக் கிடைத்தன. இந்த முறை அவர் சொந்தப் பெயரிலேயே வாங்கிக்கொண்டார்.

பிறகு கதை ஊர் ஊராகக் கிளம்பியது. 1951-ல் ஜப்பானில் ஒரு படம். 1953-ல் இங்கிலாந்தில் ஒரு படம். அதை டைரக்ட் செய்தவர் யார் தெரியுமா? இருபது வருஷங்களுக்கு முன் உயிருக்குப் பயந்து பெர்லினிலிருந்து ஓடிய அதே பிரஸ்பர்கர். 1961-ல் டிஸ்னி. 1965-ல் சென்னை. அடுத்த ஆண்டு தெலுங்கில் 'லேத மனசுலு', 1968-ல் ஹிந்தியில் 'தோ கலியான்'. ஜெர்மன் கதையில் தகப்பன் சங்கீத வித்வான். நிம்மதியாக வேலை செய்யத் தனிமை தேடியதால் குடும்பம் உடைகிறது. நம் ஊரில் அது நம்பும்படியாக இராது என்று மாமியாரைக் கொண்டுவந்தார்கள். ஊருக்கேற்ற காரணம் மாறியது. குழந்தைகளின் வேலை மாறவில்லை.

அந்தப் பெரிய நாவலை கெஸ்ட்னர் எழுதவே இல்லை. 1974-ல் காலமாகும் வரை எழுதவில்லை. நீல நோட்டின் குறிப்புகள் முழுப் புத்தகமாக வெளிவர 2018 ஆயிற்று. சாட்சி சொல்வதற்காக இருந்தவர் சாட்சியை முழுதாகச் சொல்லாமலே போய்விட்டார் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குறை நியாயமானதே.

ஆனால் ஒன்று. 1931-ல் எமிலாக நடித்த ரோல்ஃப் வெங்க்ஹவுஸ் என்ற பையனும், சின்னச் செவ்வாயாக நடித்த ஹான்ஸ் லோர் என்ற பையனும் 1942-ல் போர்முனையில் மடிந்தார்கள். ஒருவன் விமானத்தில், ஒருவன் ரஷ்யாவில். திருடனைப் பிடித்த குழந்தைகளைப் பெரியவர்கள் கொண்டுபோய்ப் பலி கொடுத்துவிட்டார்கள். அதே 1942-ல்தான், பெரியவர்கள் உடைத்ததைக் குழந்தைகள் ஒட்ட வைக்கும் இந்தக் கதையை கெஸ்ட்னர் எழுதத் தொடங்கினார். அந்தப் பையன்களின் சாவு அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேதிகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இனி அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தால், சிறுமிகள் இரண்டு பேரும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைக்கும் இடத்தில், பெர்லினில் நீல நோட்டை ஒளித்து வைத்துக்கொண்டிருந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் பெயர் தெரியாமல் நம் வீட்டில் வளர்ந்த குழந்தைகள் அவர்கள்.