அரண்மனைக் கதவுகள் திறந்த வரலாறு

ஓர் அரண்மனையின் வரலாற்றில் இரண்டு ஆண்டுகள் தனிச்சிறப்புடையவை: அது கட்டப்பட்ட ஆண்டு ஒன்று, அதன் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஆண்டு மற்றொன்று. பயண நூல்களும் வழிகாட்டிகளும் முதலாவதைத் தவறாமல் எடுத்துரைக்கின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆயினும் வெர்சாயிலோ இஸ்தான்புல்லிலோ பெய்ஜிங்கிலோ இன்று ஒரு பயணி நடக்கும் வழியும், அவர் காணும் கூடங்களும், அவருக்குக் காட்டப்படும் பொருள்களும், அந்த அரண்மனையைக் கட்டியவரின் எண்ணத்தால் அமைந்த அளவுக்கு, அதைத் திறந்துவிட்டவரின் நோக்கத்தாலும் அமைந்தவையே. அந்த நோக்கம் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபட்டது.

அரண்மனை எந்த நாட்டிலும் அரசனின் வாழிடமாக மட்டும் இருந்ததில்லை. ஓலக்க மண்டபம், கருவூலம், மடைப்பள்ளி, காவற்படை, எழுத்தர்களின் பணியிடம், அந்தப்புரம் ஆகிய அனைத்தும் ஒரே மதிலுக்குள் அடங்கியிருந்தமையால், நாள்தோறும் பலதரப்பட்டோர் அங்கே வந்துபோக வேண்டியிருந்தது. எனவே, வெளியாரை முற்றிலும் தடுப்பதைவிட, யார் எந்த வாயில்வரை வரலாம் என்று வரையறுப்பதே அரண்மனை அமைப்பின் அடிப்படையாயிற்று. முற்றங்களின் வரிசையும், வாயில்களின் உயரமும், திரைகளும், காவலர் நிற்கும் இடங்களும் அந்த வரையறையைக் கல்லிலும் மரத்திலும் எழுதிக்காட்டின.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது இஸ்தான்புல்லின் தோப்கபி அரண்மனை. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றிய உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அடுத்த சில ஆண்டுகளில் கட்டத் தொடங்கிய இவ்வரண்மனை, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த நான்கு முற்றங்களைக் கொண்டது. முதல் முற்றத்துக்குள் குடிமக்கள் வரலாம். இரண்டாம் முற்றத்தின் வாயிலைக் குதிரைமீது அமர்ந்தபடி கடக்கும் உரிமை சுல்தானுக்கு மட்டுமே உண்டு; அமைச்சரும் தூதரும் அங்கே இறங்கி நடந்தனர். அம்முற்றத்தின் ஒருபுறம் மடைப்பள்ளிகளும், மறுபுறம் திவான் எனப்பட்ட அமைச்சரவை கூடும் மண்டபமும் இருந்தன. தலைமை அமைச்சர் அமரும் இருக்கைக்கு மேலே, சுவரில் பின்னல் கம்பியிட்ட சிறு சாளரம் ஒன்று இன்றும் உள்ளது. சுல்தான் அதன் பின்னால் அமர்ந்து அவையின் பேச்சைக் கேட்கக்கூடும் என்பதும், அவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பதைக் கீழே இருப்பவர்களால் அறிய இயலாது என்பதும், அந்த ஒற்றைச் சாளரத்தை ஆட்சிக் கருவியாகவே ஆக்கின.

மூன்றாம் வாயிலுக்கு அப்பால் சுல்தானின் தனி உலகம் தொடங்கியது. அவ்வாயிலை ஒட்டி நிற்கும் மனு மண்டபத்தில் அயல்நாட்டுத் தூதர்கள் அவரைக் கண்டனர். அவ்வாறு செல்வதற்குமுன் அவர்களுக்கு மரியாதை அங்கி அணிவிக்கப்பட்டது, உள்ளே காவலர் இருவர் இருபுறமும் கைகளைப் பற்றியவாறு அவர்களை அழைத்துச் சென்றனர். மண்டபத்தின் அருகே அமைந்த நீரூற்றின் ஒலி, உள்ளே நடக்கும் பேச்சு வெளியே கேளாதபடி மறைத்தது. அந்தப்புரத்துக்கோ இவ்வழிகளிலிருந்து முற்றிலும் விலகிய தனிக் காவலும் தனி வாயிலும் இருந்தன.

பெய்ஜிங்கில் மிங் மரபுப் பேரரசர் யோங்லே 1406 முதல் 1420 வரை கட்டுவித்த தடைசெய்யப்பட்ட நகரம் இதே கருத்தை இன்னும் பெரிய அளவில் விரித்தது. சுமார் 72 ஹெக்டேர் பரப்பு, 10 மீட்டர் அளவு உயர்ந்த மதில், 52 மீட்டர் அகலமான அகழி ஆகியவற்றுக்குள் மிங், சிங் மரபுகளைச் சேர்ந்த 24 பேரரசர்கள் வாழ்ந்தனர். தெற்கே நிற்கும் நண்பகல் வாயிலில் ஐந்து வழிகள் உள்ளன. நடுவழி பேரரசருக்கு உரியது. பேரரசி தம் திருமண நாளில் ஒருமுறை அதன் வழியே உள்ளே வந்தார். அரண்மனைத் தேர்வில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற அறிஞர்கள், தேர்வு முடிவு அறிவிக்கப்பட்ட நாளில் ஒருமுறை அதன் வழியே வெளியேறும் பெருமையைப் பெற்றனர். ஏனைய அதிகாரிகளும் அரச குடும்பத்தாரும் தத்தமக்கு வகுக்கப்பட்ட பக்க வழிகளையே பயன்படுத்தினர். சிற்றூரில் பிறந்த ஒருவன் கல்வியின் வலிமையால் பேரரசரின் வழியில் சில அடிகள் நடக்க இயன்றது என்பது, அவ்வழி மற்றெல்லா நாள்களிலும் மற்றெல்லாருக்கும் மூடியிருந்ததனாலேயே பொருள் பெற்றது.

பிரான்சின் வெர்சாய் இவற்றுக்கு மாறான வழியைக் கையாண்டது. பதின்மூன்றாம் லூயி 1623இல் அமைத்த வேட்டை மாளிகையை விரிவுபடுத்திய பதினான்காம் லூயி, 1682இல் அரசவையையும் ஆட்சியையும் அங்கே மாற்றினார். அவர் அரண்மனையை மூடிவைக்கவில்லை. காணச் செய்து ஆண்டார். தக்க உடையணிந்த எவரும் அரசரின் பெருங்கூடங்களுக்குள் வரலாம். ஆண்கள் தொப்பி அணிந்து வாள் தரித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, அவை இல்லாதவர்கள் வாயிலிலேயே வாடகைக்குப் பெற்றுக்கொள்ளவும் இயன்றது. பிச்சையெடுப்போரும் தொற்றுநோய் கண்டோரும் விலக்கப்பட்டனர். அரசர் உண்பதை மக்கள் நின்று பார்த்தனர். 73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் கூடத்தில், 17 பெரிய சாளரங்களுக்கு எதிரே 17 வளைவுகளில் பதிக்கப்பட்ட 357 ஆடிகள், கண்ணாடித் தொழிலில் வெனிஸ் நகரத்தின் முதன்மையைப் பிரான்சு வென்றதை அவ்வழியே சென்ற ஒவ்வொருவருக்கும் அறிவித்தன.

பதினான்காம் லூயி தம் தோட்டங்களைக் காட்டும் முறையைப் பற்றித் தாமே ஒரு குறிப்பேடு எழுதினார் என்பது அரண்மனைப் பயணத்தின் வரலாற்றில் மிக அரிய செய்தி. 1689 முதல் பலமுறை திருத்தி எழுதப்பட்ட அக்குறிப்பேடு, பார்வையாளர் எந்த வாயில் வழியாக வெளியே வர வேண்டும், எங்கே நின்று திரும்பிப் பார்க்க வேண்டும், எந்த நீரூற்றை எந்தப் பக்கத்திலிருந்து காண வேண்டும் என்று வரிசையாகக் கட்டளையிடுகிறது. நீரூற்றுகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் அளிக்க இயலாத நிலையில், இத்தகைய வரிசை நடைமுறைக்கும் உதவியது. ஆயினும் அதன் உட்பொருள் ஆழமானது: பார்வையாளரின் கண்ணையும் காலையும் ஆள்வது ஆட்சியின் ஒரு பகுதி என்பதை அந்த அரசர் அறிந்திருந்தார்.

18ஆம் நூற்றாண்டு வரை அரண்மனைகளைக் காணச் சென்றோர் பெரும்பாலும் உயர்குடியினரே. ஆங்கிலேயச் செல்வர்கள் தம் மைந்தரை ஓரிரு ஆண்டுகள் ஐரோப்பா முழுவதும் அனுப்பிவைத்த பெரும் பயணம் என்னும் வழக்கத்தில் அரசவைகளைக் காண்பது கல்வியின் பகுதியாகக் கருதப்பட்டது. அறிமுகக் கடிதமும் தக்க உடையும் கதவைத் திறந்தன. அரசர் வாழாத அரண்மனைகளில் இல்லப் பொறுப்பாளருக்குக் கட்டணம் கொடுத்து அறைகளைச் சுற்றிப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

இந்நிலையைப் பிரெஞ்சுப் புரட்சி தலைகீழாக மாற்றியது. 1789 அக்டோபர் 6ஆம் நாள் அரச குடும்பம் வெர்சாயை விட்டு நிலையாக நீங்கியது. முடியாட்சி வீழ்ந்ததன் முதலாண்டு நிறைவான 1793 ஆகஸ்ட் 10ஆம் நாள், பாரிசில் அரசர்களின் லூவ்ர் அரண்மனை கலைக்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் தொடங்கி ஓராண்டு நீடித்த ஏலத்தில் வெர்சாயின் கட்டில்கள், நாற்காலிகள், திரைச்சீலைகள், பீங்கான்கள் ஆகியன 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக விற்கப்பட்டன. இன்று அவ்வறைகளில் காணப்படும் அறைகலன்களில் பல, சிதறிப்போன பொருள்களைத் தேடிக் கண்டு மீட்டவை. சில, பழைய மாதிரியில் மீண்டும் நெய்யப்பட்டவையும் செய்யப்பட்டவையும் ஆகும்.

வெறுமையான வெர்சாயை இடிவிலிருந்து காத்தவர் லூயி பிலிப் என்னும் பிற்கால அரசர். பிரான்சின் பெருமைகள் அனைத்துக்கும் உரிய காட்சியகமாக அதனை மாற்றி 1837இல் திறந்த அவர், இளவரசர்கள் வாழ்ந்த அறைகளை இடித்து 120 மீட்டர் நீளமுள்ள போர்க்காட்சிக் கூடத்தை எழுப்பினார். முடியரசு, புரட்சி, நெப்போலியன் ஆகிய மூன்று தரப்பாரின் வெற்றிகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, பிளவுபட்ட நாட்டை ஒன்றிணைப்பதே அவர் கருத்து. பதினான்காம் லூயியின் அரண்மனையைக் காண்பதாக எண்ணி அக்கூடத்தில் நடக்கும் பயணி, உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் அரசியல் சமரசம் ஒன்றைக் காண்கிறார்.

இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் 1838இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைக் கட்டணமின்றி மக்களுக்குத் திறந்துவிட்டார். 1737க்குப் பின் எந்த அரசரும் குடியிருக்காத அவ்வரண்மனைக்கு, 1849இல் ரயில் பாதை வந்தபின் லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறை நாள்களில் சென்றன. பெடக்கர், மர்ரே ஆகியோரின் வழிகாட்டி நூல்களும் தாமஸ் குக் ஏற்பாடு செய்த கூட்டுப் பயணங்களும் அரண்மனைப் பயணத்தை நடுத்தர வகுப்பினரின் வழக்கமாக்கின. ஆனால் எல்லா இடங்களிலும் மாற்றம் ஒரே வேகத்தில் நிகழவில்லை. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் 1852இல் திறந்த புதிய ஹெர்மிடேஜ் காட்சியகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டும் அவைக்குரிய உடையும் தேவைப்பட்டன. அரசரின் விருந்தினர் என்ற நிலையிலேயே பார்வையாளர் வரவேற்கப்பட்டார். பிற்காலத்தில்தான் அந்நிலை மாறியது.

20ஆம் நூற்றாண்டில் துருக்கியிலும் சீனாவிலும் நிகழ்ந்த திறப்புகளுக்குப் பின்னால் வேறொரு காரணம் இருந்தது: முடியாட்சி திரும்பாது என்பதை மக்களுக்குக் கண்கூடாக மெய்ப்பிக்க வேண்டிய தேவை. உதுமானிய சுல்தான்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தோப்கபியை விட்டுப் புதிய தோல்மபாச்சே அரண்மனைக்குக் குடிபெயர்ந்திருந்தனர். துருக்கிக் குடியரசு 1924 மார்ச் 3ஆம் நாள் கலீபா பதவியை ஒழித்து, ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 3ஆம் நாள் தோப்கபியைக் காட்சியகமாக அறிவித்தது. அந்தப்புரத்தின் சில பகுதிகள் நீண்ட சீரமைப்புக்குப்பின் 1971இல்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டன. கடைசிவரை மூடியிருந்த கதவே கடைசியில் திறந்தது.

சீனாவில் இது இரண்டு கட்டங்களாக நடந்தது. 1912இல் பதவி துறந்த சிறுவர் பேரரசர் பூயி, உடன்பாட்டின்படி உள்முற்றங்களில் தொடர்ந்து வாழ்ந்தார். அதனால் 1914இல் வெளிமுற்றங்களில் மட்டும் தொல்பொருள் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஒரே மதிலுக்குள் முன்பாதியில் நுழைவுச் சீட்டு வாங்கிய குடிமக்களும், பின்பாதியில் பழைய சடங்குகளுடன் ஓர் அரசவையும் பத்தாண்டுகள் இருந்தன. 1924 நவம்பரில் பூயி வெளியேற்றப்பட்டபின், பொருள்களைக் கணக்கெடுத்த குழு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்தது. 1911ஆம் ஆண்டுப் புரட்சி வெடித்த நாளான அக்டோபர் 10ஐத் தேர்ந்து, 1925இல் அரண்மனைக் காட்சியகம் திறக்கப்பட்டது. அரண்மனையை நாட்டின் உடைமையாக்கி மக்களை உள்ளே நிறைத்துவிட்டால், அதை மீண்டும் ஓர் அரசருக்குக் கொடுக்க எவராலும் இயலாது என்பதைக் காட்சியகத்தை நிறுவியவர்கள் உணர்ந்திருந்தனர்.

முடியாட்சி நிலைத்த நாடுகளில் திறப்புக்குப் பணமும் காரணமாயிற்று. 1992 நவம்பரில் வின்சர் கோட்டை தீப்பற்றியபோது, அதன் சீரமைப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி பிரிட்டனில் எழுந்தது; அதன் விளைவாக 1993 கோடையில் பக்கிங்காம் அரண்மனையின் அரசுக் கூடங்கள் முதன்முறையாகக் கட்டணத்துக்குத் திறக்கப்பட்டன.

தமிழ் வாசகர்களுக்கு அண்மையில் உள்ள எடுத்துக்காட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இவ்வூர் 1956இல் மொழிவழி மாநிலப் பிரிப்பின்போது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நீடிக்கிறது. மரச் செதுக்கலால் புகழ்பெற்ற பூமுகம் என்னும் முன்மண்டபத்தின் மேற்கூரையில் வகைவகையான மலர்கள் குடையப்பட்டுள்ளன. மந்திரசாலை என்னும் ஆலோசனைக் கூடத்தின் சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள் வெயிலைத் தணித்து அனுப்புகின்றன. கறுத்து மினுங்கும் தரையோ சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு முதலியவற்றால் ஆனது. ஊட்டுப்புரை என்னும் ஈரடுக்கு உணவுக்கூடத்தில் அரசின் செலவில் பிராமணர்களுக்கு உணவளிக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில்களே மூடியிருந்த அந்நாட்டில், இன்று எவரும் காலணியைக் கழற்றிவிட்டு இக்கூடங்கள் அனைத்திலும் நடக்கலாம் என்பது, லூவ்ரின் திறப்புக்குச் சற்றும் குறையாத சமூக மாற்றம்.

எனினும் கதவு திறந்ததனால் மட்டும் ஓர் அரண்மனையின் முழு வரலாறும் மக்களுக்குக் கிட்டிவிடுவதில்லை. காட்சிக்கு வைக்கப்படுபவை பெரும்பாலும் அரியணைகளும் அணிகலன்களும் ஓவியங்களுமே. 1685இல் வெர்சாயின் கட்டுமானப் பணியில் 36,000 பேர் ஈடுபட்டிருந்ததாக அரசவையினரான தாஞ்சோ தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர்களுள் ஒருவர் பெயர்கூட அக்கூடங்களில் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. இக்குறை சில இடங்களில் நீங்கத் தொடங்கியுள்ளது. ஹாம்ப்டன் கோர்ட்டில் எட்டாம் ஹென்றியின் அவைக்கு உணவு சமைத்த பெரிய அடுப்புகள் இன்று அரச அறைகளுக்கு நிகராகக் காட்டப்படுகின்றன. தோப்கபியின் மடைப்பள்ளிகள் அரண்மனைச் சுற்றுலாவின் பகுதியாகிவிட்டன. சமைத்தவர், நெய்தவர், கல் சுமந்தவர், விலைக்கு வாங்கப்பட்டு அந்தப்புரத்தில் வாழ்ந்து முடிந்த பெண்கள் ஆகியோரின் வாழ்க்கையும் அரசர்களின் வாழ்க்கைக்கு இணையான கவனத்தோடு அங்கே எடுத்துரைக்கப்படும்போதுதான், இருநூறு ஆண்டுகளுக்குமுன் தொடங்கிய அந்தத் திறப்பு நிறைவுபெறும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை, சீட்டு வாங்கி உள்ளே செல்லும் ஒவ்வொரு பயணிக்கும் உண்டு.