திருவையாற்று விழா நிலைத்த வரலாறு



இசை விழா என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மேடையும், தம்பூராவும், பாடகருமே. ஆனால், பந்தலுக்குச் செலவிடுவோர் யார், வந்தோர்க்கு உணவளிப்போர் யார், பாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஒரு விழா நூறாண்டு நிலைப்பதும் ஐந்தாண்டில் மறைவதும் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. இன்று அதனை ஒரு வரலாற்றின் வாயிலாகக் காண்போம்.

நம் வாலிகண்டபுரம் அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். ஆகவே இசை நமக்குப் புதிதன்று. இங்கிருந்து பெரம்பலூர், அரியலூர் வழியாகத் தெற்கே சென்று, திருமானூரில் கொள்ளிடத்தைக் கடந்தால் திருவையாறு வந்துவிடும். அங்கே ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராச சுவாமிகளின் ஆராதனை நடைபெறுகிறது. அதுவே நாம் காணப் போகும் விழா.

இசைக்குப் பொருள் ஒதுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஐம்பதின்மருக்கு 150 குறுணி. அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம்! ஒருவர் மறைந்தால் அவ்விடத்தில் தகுதியுடையவரே அமர வேண்டும் என்னும் விதியும் அதில் உண்டு. அரசன் கருவூலம் நிறைந்திருந்த காலத்து ஏற்பாடு அது. கருவூலம் இல்லாத இடத்தில் விழா எவ்வாறு நடக்கும்?

தியாகராசர் (1767–1847) தஞ்சை அரசவையை நாடாமல் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார் என்பர். அவர் விட்டுச் சென்ற செல்வம் மாணாக்கர்களே. வாலாசாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களைச் சார்ந்த மாணாக்கர் பரம்பரைகள் அவர் கீர்த்தனைகளை மனப்பாடம் செய்தும் ஏட்டில் எழுதியும் காத்தன. அச்சும் ஒலிப்பதிவும் துணையாக வருமுன் அப்பாடல்கள் பிழைத்தமைக்குக் காரணம் இவ்விசைப் பள்ளியே.

பாடல்கள் வாழ்ந்தன, சமாதியோ காவிரிக் கரையில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1903-ஆம் ஆண்டளவில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் செப்பனிட்டனர். பின்னர்த் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் ஆகிய உடன்பிறந்தோர் ஆராதனையை இசை விழாவாக வளர்த்தனர். ஆனால், விரைவில் மனவேற்றுமை தோன்றிற்று. ‘பெரிய கட்சி’, ‘சின்னக் கட்சி’ என இரண்டு பிறந்தன. ஒரே மகானுக்கு இரண்டு விழாக்கள், இரண்டு நன்கொடைத் திரட்டல்கள், இரண்டு பந்திகள்! எதில் வேறுபட்டாலும் ஒன்றில் மட்டும் இரு கட்சியாரும் ஒத்திருந்தனர்: சமாதியின் முன் பெண்கள் பாடலாகாது என்பதே அது.

இந்நிலையில் வந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்து, இசையாலும் வடமொழி, கன்னடப் புலமையாலும் புகழ் பெற்றவர். சமாதியின் சீர்கேட்டை அறிந்து அவர் உள்ளம் வருந்தினார். தாம் பாடிச் சேர்த்த பொருளைக் கொண்டு நிலத்தை வாங்கினார், கோயில் எழுப்பினார், குடமுழுக்கும் நடந்தது. கோயில் கட்டியவரே அதன் முன் பாட இயலவில்லை! அவர் வழக்காடிச் சோர்ந்து விடவில்லை. பெண்களைத் திரட்டித் தனி விழாவே நடத்தினார். மூன்றாவது கட்சி ஒன்று பிறந்தது. பொருள் கொடுத்தவருக்கும் மேடை கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். வரவு செலவுக் கணக்கு நேராயிருப்பது மட்டும் நேர்மையாகாது. யாரை உள்ளே விட்டோம், யாரை வெளியே நிறுத்தினோம் என்பதும் விழாவின் கணக்கேயாகும்.

முசிரி சுப்பிரமணிய ஐயர், எஸ். ஒய். கிருஷ்ணசாமி போன்றோரின் முயற்சியால் 1940-இல் கட்சிகள் ஒன்றுபட்டன. ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோற்சவ சபை தோன்றியது. 1941 முதல் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் அமரும் ஆராதனை நடைபெறலாயிற்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடும் வழக்கமும் நிலைபெற்றது. நாகரத்தினம்மாள் 1952-இல் மறைந்தார். தம் உடைமையை அவ்விடத்து வழிபாட்டிற்கே அறக்கட்டளையாக்கிய அவர், பெண்களுக்குத் தடை இருத்தலாகாது என்றும் எழுதி வைத்தார்.

இவ்விழாவின் பொருளாதாரம் மிக எளியது. பெரும் வித்துவான்களும் சன்மானம் பெறாமல் பாடுகின்றனர். கேட்போருக்கும் கட்டணம் இல்லை. பந்தலும் உணவும் பிற செலவும் நன்கொடையால் நடைபெறுகின்றன. சேர்ந்திசையில் முன்வரிசை வித்துவானும் கடைசி வரிசை மாணவரும் ஒரே வரியை ஒரே தாளத்தில் பாடுகின்றனர். ஐந்து கீர்த்தனைகளையும் பாடம் செய்தவர்க்கு அங்கே வேறு நுழைவுச் சீட்டு வேண்டா. இதனால், ஊர்தோறும் இசை பயிலும் பிள்ளைகளுக்குக் கற்க ஒரு குறிக்கோள் கிடைத்தது. 1939-இல் திருச்சியில் தொடங்கிய வானொலி நிலையம் இவ்விசையைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது.

கல்வியை நாடிய பிற முயற்சிகளும் உண்டு. 1928-இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமி, 1931-இலேயே இசை ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியைத் தொடங்கிற்று. ஒரு கச்சேரி ஓரிரவில் முடியும். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரோ தம் வாழ்நாளில் பல நூறு பிள்ளைகளுக்குக் காது கொடுப்பார். 1977-இல் தில்லியில் பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேக்கே இயக்கம், கலைஞர்களைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமே அழைத்துச் செல்கிறது. மாணவத் தொண்டர்களே அதன் தோள்கள். 1978-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நம்மவர் தொடங்கிய தியாகராச விழாவிலோ, கச்சேரிகளுடன் சிறுவர் இசைப் போட்டிகளும் இடம் பெறுகின்றன.

மாணவச் செல்வங்களே! பாடும் குரல் உடையவர் பாடுங்கள். அது வாய்க்காதவர் வருந்த வேண்டா. பாய் விரிக்கவும், பந்தியில் பரிமாறவும், நன்கொடைக்குச் சீட்டு எழுதிக் காசுக்குக் காசு கணக்குக் காட்டவும் ஆள் வேண்டும். உங்கள் பள்ளியில் அடுத்த விழா நடக்கும்போது, மேடையை நோக்குமுன் வாயிலை ஒருமுறை நோக்குங்கள். அங்கே தயங்கி நிற்கும் பிள்ளை ஒருவர் இருப்பின், கைபிடித்து உள்ளே அழைத்து வாருங்கள்.