கோட்டை மதில் மட்டும் மிஞ்சினால் போதுமா?



காலிக் கோட்டையைப் பாதுகாக்கும் பேச்சு எப்போது வந்தாலும் மதில், கொத்தளம், கூரை ஓடு, சுவரின் நிறம் என்பவைதான் முதலில் வருகின்றன. அவையெல்லாம் தேவைதான். அவற்றோடு கோட்டைவாசிகளாகிய நாம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

1344 இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது, தெவிநுவரையிலிருந்து காலிக்கு வந்தார். இங்கே அவரை வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுத்தவர் நாகூதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையைக் காண்பதற்கு 160 வருடங்களுக்கு முந்திய கதை இது. ஆகவே காலியின் வரலாறு ஐரோப்பியரோடு தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அடுத்தது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீன மொழியில் புத்த பகவானுக்கும், தமிழில் தெவிநுவரைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று அந்தப் பட்டியல் போகிறது. இந்தத் துறைமுகத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அந்தக் கல் 1911 இல் எங்கே கிடைத்தது தெரியுமா? கிரிப்ஸ் வீதியில், ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. தொமலின் என்ற பொறியியலாளர் அதைக் கண்டெடுத்தார். அதற்குள் பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்து போயிருந்தது. கல் இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. எத்தனையோ பேர் அதன் மேல் நடந்து போயிருப்பார்கள். ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அரண் கட்டினார்கள். 1640 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, இன்று நாம் காணும் மதிலை எழுப்பினார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1870களில் கொழும்பில் அலைதடுப்புக் கட்டத் தொடங்கிய பிறகு பெரிய கப்பல்கள் மெல்ல மெல்ல அங்கே போயின. காலியின் வியாபாரம் படுத்தது. பறங்கிக் குடும்பங்கள் பல கொழும்புக்குப் போக, கோட்டை வீடுகள் பல முஸ்லிம்களின் கைக்கு வந்தன. வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் 1904 இல் எழுந்தது. வெளியிலிருந்து பார்க்கும் உல்லாசப் பயணிகள் பலர் அதைத் தேவாலயம் என்றே நினைப்பார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. இந்த வீடுகள் நூறு வருடங்களுக்கு மேல் இடியாமல் நின்றதற்குக் காரணம் சட்டம் மட்டுமல்ல. அவற்றில் ஆட்கள் குடியிருந்தார்கள். இடித்துக் கட்டப் பணம் இல்லாதவர்கள், நோன்புக்கும் பெருநாளுக்கும் சுண்ணாம்பு அடித்து, ஒழுகும் ஓட்டை மாற்றி வாழ்ந்தார்கள். இஸ்தோப்பில் இருந்து பேசினார்கள். இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தச் சொல். லெயின்பான் என்பதும் அப்படித்தான், கயிறு திரிக்கும் இடம் என்று பொருள். ஒல்லாந்தர் போய் இரண்டு நூற்றாண்டாகியும் அவர்களுடைய சொற்கள் நமது உம்மும்மாமாரின் வாயில்தான் உயிரோடு இருந்தன.

1988 இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 52 ஹெக்டேயர், 14 கொத்தளங்கள். ஐரோப்பியக் கட்டடக் கலையும் தெற்காசிய மரபும் கலந்த நகரம் என்பது அதற்குச் சொன்ன காரணம். 1994 இல் காலி மரபுரிமை மன்றத்துக்கான சட்டம் வந்தது. சுனாமிக்குப் பின் ஒல்லாந்து அரசின் உதவியோடு தனியார் வீடுகள் பலவும் திருத்தப்பட்டன. நல்ல காரியங்கள்.

ஆனால் வீட்டின் விலை ஏறியது. பழைய முறைப்படி திருத்தும் செலவும் ஏறியது. ஒரு வாப்பாவின் வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் உரித்தாளிகள் என்றால், விற்றுப் பங்கு பிரிப்பதே இலகு. விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. எனினும் வீடு ஹோட்டலானால் சுவர் மிஞ்சும், பள்ளியின் ஸஃப்பு குறையும், மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளை குறையும். இந்தப் போக்கில் போனால், மிக அழகாகப் பாதுகாக்கப்பட்ட, ஊரவர் இல்லாத ஓர் ஊர்தான் மிஞ்சும்.

ஆகவே திட்டம் போடுபவர்களிடம் நாம் கேட்க வேண்டியது: கோட்டையில் குடியிருக்கும் குடும்பம் பீலி ஓட்டையும் சுண்ணாம்புச் சாந்தையும் பழைய முறையில் திருத்த உதவி கிடைக்குமா? சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று இங்கே வாழும் எல்லோரும் பேசும் ஓர் இடம் அந்தத் திட்டத்தில் உண்டா?

நாமே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒருவரின் அனுமதியும் வேண்டியதில்லை.

1. பெட்டகத்தில் கிடக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகள், பழைய உறுதிகள், கலியாணக் கடிதங்கள், கடைக் கணக்குகள் ஆகியவற்றைப் படம் எடுத்து வைப்போம். எரிக்கவோ கடலில் விடவோ வேண்டாம்.

2. பள்ளிவாசலின் பழைய பதிவுப் புத்தகங்களுக்குப் பிரதி எடுப்போம். மையவாடியில் மீசான் கல்லின் எழுத்துத் தேய்வதற்கு முன் வாசித்து எழுதுவோம்.

3. வீடு கைமாறுவதற்கு முன் உள்முற்றம், கிணறு, கதவு, வீட்டுப் பெயர் என்பவற்றைப் பதிவு செய்வோம்.

4. பிள்ளைகள் தங்கள் மூத்தவர்களிடம் போய்க் கதை கேட்டு, தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். தமிழோ சிங்களமோ, எந்த மொழியானாலும் சரி.

நமது வீடுகளுக்குள் இன்னும் எத்தனை கற்கள் கவிழ்ந்து கிடக்கின்றனவோ. எழுத்துத் தேய்வதற்கு முன் புரட்டிப் பார்ப்போம். உங்கள் வீட்டில் இருப்பதைக் கீழே சொல்லுங்கள். கோட்டையை விட்டுப் போன சொந்தக்காரர்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

அல்லாஹ் நமது ஊரையும் ஊரவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.