பித்தளைப் பாண்டங்களும் பூஞ்செடிகளும்

நம் இல்லங்களின் பரண்களிலிருந்து அண்மைக் காலமாகப் பித்தளைப் பாண்டங்கள் கீழிறங்கி வருகின்றன. அடுக்களைக்கு அல்ல, முகப்பறைக்கும் சன்னலோரத்திற்கும். அண்டாவில் அலங்காரப் பனை, படிக்கத்தில் மணிபிளாண்டுக் கொடி, உளூச் செய்த கெண்டியில் ஏதோ ஒரு பெயரறியாப் பச்சை. பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி உருகிப் போவதை விட இது எவ்வளவோ மேல் என்பது நம் எண்ணம். எனினும் செடி ஊன்றுமுன் அந்தப் பாண்டம் எது, எவருடையது என ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

நம் வீடுகளில் ஒவ்வொரு பாண்டத்திற்கும் ஒரு பணி இருந்தது. கெண்டியின் மூக்கு வழியே நீர் சிறுகச் சிறுக விழும். கைபட்ட நீர் மீண்டும் கலத்துள் சேராது. உளூவுக்கு இதனினும் பொருத்தமான வடிவம் அரிது. பன்னீர்ச் செம்பு மணவிழாவிற்கும் மௌலூது மஜ்லிஸுக்கும் உரியது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பலர் சூழ்ந்தமர்ந்து ஒன்றாக உண்ணும் தாலத்துக்குச் சஹன் என்று பெயர். தூய அரபுச் சொல் அது. படிக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெற்றிலை போனது, அதுவும் போயிற்று.

பித்தளைக்கு அரபியில் ஸுஃப்ர் என்று பெயர். மஞ்சளைக் குறிக்கும் அஸ்ஃபர் என்ற சொல்லின் வேரே இதற்கும் வேர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, ஸுஃப்ர் பாத்திரத்தில் கொணர்ந்த நீரால் உளூச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பொன்னிலும் வெள்ளியிலும் உண்பதும் பருகுவதும் விலக்கப்பட்டிருந்த சமுதாயத்தில் பித்தளைக்குத் தனி மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

பழம்பாத்திரத்தை வேறொன்றாக மாற்றும் பழக்கமும் புதிதன்று. கெய்ரோவின் பழம்பகுதியான ஃபுஸ்தாத்தில் ஒரு யூத ஆலயத்தின் அறையில் குவிந்து கிடந்த பழந்தாள்களுள் பெரும்பகுதி 1896-97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அத்தாள் திரளில் ஆபிரகாம் இப்னு யீஜு என்னும் வணிகரின் கடிதங்களும் உள. மஹ்திய்யாவிலிருந்து புறப்பட்ட இவர், 1132 முதல் 1149 வரையிலான காலத்தின் பெரும்பகுதியை மங்களூரிலும் மேலைக் கடற்கரையிலும் கழித்தார். அங்கே உலோகப் பாண்டம் வார்க்கும் பட்டறையும் வைத்திருந்தார். ஏதனில் இருந்த நண்பர்கள் உடைந்த பழம்பாண்டங்களைக் கப்பலில் அனுப்பி, இன்ன இன்ன வடிவில் புதியன வார்த்தனுப்புமாறு கேட்டெழுதினர். அக்கடிதங்களின் மொழி அரபு, எழுத்து ஹீப்ரு. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்ததை நினைவூட்டும் வழக்கம் இது.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோரின் 'கலாய்' என்ற சொல்லும் கடல் கடந்ததே. அரபியில் வெள்ளீயம் கல்ஈ. மலாய்க் கரையிலிருந்த கலஹ் துறைமுகத்தின் பெயரால் அது வந்தது என்பர். அத்துறைமுகத்தைக் கடாரம் என்றே அறிஞர் பலர் கொள்கின்றனர். தமிழில் கடாரம் என்றால் ஊரும் உண்டு, பெரிய கொப்பரையும் உண்டு!

எவர்சில்வர் வந்தபின் இவையெல்லாம் பரணேறின. புளி பட்டால் களிம்பேறாத, ஈயம் பூச வேண்டாத, இலேசான பாத்திரத்தை நம் பெண்மக்கள் விரும்பியதைக் குறைகூற இயலாது. அண்டா தேய்த்த கைகளுக்கே அதன் பாரம் தெரியும். ஆயின் எடைக்கு எடை போட்டு மாற்றியபோது, பாண்டத்தோடு அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துக்களும் போயின. மணமகளின் பெயர், தந்தையின் பெயர், சிலவற்றில் ஹிஜ்ரி ஆண்டு. பெரும்பாலும் தமிழில், நாம் கண்ட சிலவற்றில் அரபு எழுத்தில். பிறப்பும் மணமும் ஏட்டில் ஏறாத காலத்துப் பெண்களுக்கு அதுவே ஆவணம்.

எழுத்தின் அருமைக்கு ஒரு சான்று கூறுவோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெள்ளி இழைத்த பித்தளைக் கூஜா ஒன்று உளது. ஷுஜா இப்னு மனஆ என்பவர் ஹிஜ்ரி 629இல் (1232) மூஸல் நகரில் செய்தது என அதன் கழுத்து எழுத்தே கூறுகிறது. இவ்வரி தேய்ந்திருந்தால், மூஸல் கம்மியரின் கைத்திறனை ஆராய்வோர் முதன்மைச் சான்றொன்றை இழந்திருப்பர்.

இன்னொன்று, இதனினும் கனமானது. கடைகளில் அழகுப் பொருளாக விற்கும் அண்டாக்களில் சிலவற்றின் விளிம்பில் பள்ளிவாசலின் பெயர் இருக்கக் காண்கிறோம். ஏழை வீட்டுத் திருமணத்திற்கு உதவட்டும் என எவரோ வக்ஃபு செய்தது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனை பேணப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. நைந்துபோன பள்ளிவாசல் பாய்களை விற்கலாம் என்பதையே ஏற்புடைய கருத்தாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் குறித்துள்ளார்கள். ஆனால் அது பயனற்றுப்போன பொருளுக்கு. ஓட்டையில்லாத அண்டா பாய் நைந்த கணக்கில் சேராது. அதில் செடி வைக்க ஜமாஅத்தாருக்கே உரிமையில்லை எனில், வாங்கியவருக்கு ஏது? அத்தகைய பாண்டம் கைக்கு வந்தால் உரிய ஊருக்குத் தெரிவிப்பதே முறை.

சொந்தப் பாண்டத்தில் செடி வைப்போர்க்குத் தடையில்லை. மண்ணை நேரே கொட்ட வேண்டா. ஈரமும் உரத்தின் உப்பும் சேர்ந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். செந்திட்டுக்கள் தோன்றிச் சுவர் பொடியும். கரைந்த செம்பு மிகுந்தால் வேருக்கும் கேடு. நீர் வடியட்டும் என்று அடியில் துளையிடுவோர், பின்னொருநாள் அதில் தண்ணீர் மொள்ளும் வாய்ப்பையும் அடைத்துவிடுகின்றனர். செடியைச் சிறு மண்தொட்டியில் ஊன்றி, பாண்டத்துள் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் அத்தொட்டியை இறக்கினால் இரண்டுக்கும் நலம். மெருகுக் கடைச் சக்கரத்தில் கொடுத்தால் புள்ளியெழுத்து மழுங்கிவிடும். புளியும் சாம்பலும் போதும். அதற்கும் முன்பாக மெல்லிய தாளொன்றை எழுத்தின்மேல் வைத்து, பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி அது யார் பெயர் எனக் கேட்டு எழுதி வைக்கலாம். பின்னர் பாண்டத்தைச் சன்னலோரத்தில் வைக்கும்போது, எழுத்துள்ள பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பிவிட வேண்டா.