ஆர்கிட் வீட்டுக்கு ஏசி எதுக்கு?

ஓசூர்ல எங்க மொட்டை மாடியில ஆர்கிட் வளர்க்கப் போறேன்னு சொல்லியிருந்தேன்ல? நாலு பக்கமும் பாலிகார்பனேட் ஷீட் அடிச்சு மூடினேன். ஏப்ரல் மதியம் உள்ள கைய விட்டா அடுப்பு. ஆறு செடியில நாலு போச்சு. ஏசி மாட்டலாமான்னு கரன்ட் பில் கணக்கு போடுற அளவுக்குப் போயிட்டேன்.

அப்புறம் படிச்சா, இதே தப்ப 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பெரிய அளவுல பண்ணியிருக்கு. ஆர்கிட் வெப்பமண்டலச் செடி, அதனால கொதிக்கணும்னு நினைச்சு, கண்ணாடி வீட்டை இறுக்கி மூடி, ராப்பகலா நிலக்கரி எரிச்சாங்க. வந்த செடிகள்ல பெரும்பாலானது செத்துச்சு. என் செடி நர்சரியில வாங்கினது. அவங்களோடது காட்டு மரத்துல இருந்து பிய்ச்சது.

டெவன்ஷயர் பிரபுவுக்கு 1833-ல ஆர்கிட் பைத்தியம் பிடிச்சது. சாட்ஸ்வொர்த்ல அவரோட தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். 1835-ல ஜான் கிப்சன்ங்கிற தோட்டக்காரரை இந்தியாவுக்கு அனுப்பினாங்க. அவர் காசி மலை, சிரபுஞ்சி பக்கம் போய் பெட்டி பெட்டியா ஆர்கிட் கொண்டு வந்தார். காசி மலை அடுப்பு கிடையாது. மழையும் குளிர்காத்தும் உள்ள இடம். பாக்ஸ்டன் சூட்டைக் குறைச்சார், ஜன்னலைத் திறந்தார், தரையை நனைச்சு ஈரம் வச்சார், வெவ்வேறு செடிக்கு வெவ்வேறு வெப்பநிலை கொடுத்தார். செடி பிழைச்சது. எரிபொருள் செலவும் குறையத்தானே செய்யும்!

இதே பாக்ஸ்டன்தான் 1851-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸை வடிவமைச்சவர். அதைப் பார்த்துதான் பெங்களூரு லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889-ல அடிக்கல் நாட்டினாங்க. ஓசூர்ல பஸ் ஏறினா போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். சூடு பிடிச்சு வைக்க இல்ல, மலர்க் கண்காட்சி நடத்தத்தான் அதைக் கட்டினாங்க. இந்த ஊர்ல சூடேத்தணும்னு யாருக்கும் தோணியிருக்காது.

இன்னைக்கு அமுதகொண்டபள்ளி, தளி, பாகலூர் பக்கம் ரோஜா பாலிஹவுஸ்களைக் கவனிங்க. கூரை உச்சியில ஒரு இடைவெளி இருக்கும். சூடான காத்து மேல ஏறி அது வழியா வெளியேறும், பக்கவாட்டு வலை வழியா குளிர்ந்தது உள்ள வரும். மோட்டாரே வேணாம்.

என் புது பிளானும் அதான். மழைக்கு மேல மட்டும் ஷீட், அதுக்குக் கீழ நிழல் வலை, உச்சியில இடைவெளி, தரையில நனைச்ச ஜல்லி. மிச்சம் இருக்கிற ரெண்டும் ஃபலனாப்சிஸ். அதுக்குப் பூ எடுக்க சில வாரம் 25 டிகிரிக்குக் கீழ வேணும். ஓசூர் குளிர்காலம் அதை ஓசியிலேயே கொடுக்கும். டிசம்பர் ராத்திரி 15-க்குக் கீழ போனா மட்டும் சைடுல ஒரு தார்ப்பாய் இறக்கி விடணும்.